சைட் பொறியாளர் ஒருவரின் பி.எம்.பி. தேர்வு: தோல்வியிலிருந்து தேர்ச்சி வரை

பின்னணி

சென்னையில் நாங்கள் சிலர் சேர்ந்து வார இறுதிகளில் ஒரு படிப்புக் குழு நடத்திவருகிறோம். திட்ட மேலாண்மைக்கான பி.எம்.பி. சான்றிதழ் தேர்வுக்குப் படிப்பவர்கள் வருவார்கள். தேர்வை நடத்துவது பி.எம்.ஐ. என்ற அமெரிக்க அமைப்பு. 1969இல் தொடங்கிய இந்த அமைப்பு, 1984 முதல் இந்தச் சான்றிதழைத் தருகிறது. எங்கள் குழுவுக்கு வருபவர்களில் பெரும்பாலானோர் மென்பொருள்காரர்கள். 2022 இறுதியில் வந்து சேர்ந்த ஒருவர் அப்படியல்ல. அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி இதை எழுதுகிறேன்.

அவர் தென் மாவட்டத்துக்காரர், சிவில் பி.இ. படித்தவர். குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை வேலைகளை அரசிடமிருந்து எடுத்துச் செய்யும் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் ஒன்பது ஆண்டுகளாக வேலை. சைட் இன்ஜினியராகச் சேர்ந்து, பிளானிங் இன்ஜினியராகி, கடைசிச் சில ஆண்டுகளாக ஒரு பேக்கேஜை (ஒப்பந்த வேலையின் ஒரு தனிப் பகுதியை) முழுதாகத் தன் பொறுப்பில் நடத்திவந்தார். வளைகுடாவில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் இந்தச் சான்றிதழைக் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் எழுத முடிவெடுத்தார்.

வேலை தெரிந்தவர், ஆட்களை நடத்தத் தெரிந்தவர், கணக்கில் கெட்டிக்காரர். குழுவில் இருந்த எல்லோரும் முதல் முறையிலேயே தேறிவிடுவார் என்றுதான் நினைத்தார்கள். அப்படி நடக்கவில்லை. அதற்கான காரணம் இதே துறையிலிருந்து வரும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால்தான் இந்த விரிவான பதிவு.

விண்ணப்பம்

அப்போதைய விதிப்படி, நான்கு ஆண்டுப் பட்டம் பெற்றவர் என்றால், கடந்த எட்டு ஆண்டுகளுக்குள் குறைந்தது 36 மாதங்கள் திட்டங்களை வழிநடத்திய அனுபவம் இருக்க வேண்டும். டிப்ளமோ வரை படித்தவருக்கு அது 60 மாதம். இரண்டு தரப்புக்கும் 35 மணி நேரத் திட்ட மேலாண்மைப் பயிற்சி தேவை. பயிற்சியை அவர் ஆன்லைன் வகுப்பு ஒன்றில் முடித்துச் சான்றும் வாங்கி வைத்திருந்தார்.

அனுபவக் கணக்கில்தான் முதல் சிக்கல். 58 மாதம் இருக்கிறது என்று எழுதி வந்தார். ஒரே காலத்தில் ஓடிய இரண்டு வேலைகளைத் தனித்தனியாகக் கூட்டியிருந்தார். ஒன்றின் மேல் ஒன்று விழும் மாதங்களை ஒரு முறைதான் எண்ண வேண்டும். அதைச் சரிசெய்ததும் 41 ஆகக் குறைந்தது. அப்போதும் தகுதி இருந்தது.

இரண்டாவது சிக்கல் விவரிப்பில். ஒவ்வொரு திட்டத்துக்கும் 200 முதல் 500 சொற்களில் தன் பங்கை எழுத வேண்டும். அவர் எழுதியதைப் படித்தால் டெண்டர் அறிவிப்பைப் படிப்பதுபோல இருந்தது. எத்தனை மீட்டர் குழாய், எத்தனை ஆள்நுழை குழி, எத்தனை லட்சம் லிட்டர் தொட்டி என்று எல்லாம் இருந்தது. அவர் என்ன செய்தார் என்பது மட்டும் இல்லை. "வேலை முடிந்தது", "சோதனை நடத்தப்பட்டது" என்று எல்லா வினையும் யார் செய்தார்கள் என்று தெரியாமலே நின்றன. திட்டத்தின் நோக்கம், தன் பொறுப்பு, தொடங்கும்போதும் திட்டமிடும்போதும் நடத்தும்போதும் முடிக்கும்போதும் தான் எடுத்த முடிவுகள், கிடைத்த விளைவு என்ற வரிசையில் திரும்ப எழுதச் சொன்னோம். "அட்டவணை தயாரித்தேன், துணை ஒப்பந்தக்காரர்களோடு வாராந்திரக் கூட்டம் நடத்தினேன், சாலை வெட்ட அனுமதி தாமதமானதால் வேலை வரிசையை மாற்றினேன்" என்று அவர் எழுதிய பிறகுதான் அது ஒரு திட்ட மேலாளரின் அனுபவமாகத் தெரிந்தது. காசு கொடுத்தால் அனுபவத்தை எழுதித் தருகிறோம் என்று ஒரு விளம்பரம் அவருக்கு வந்திருந்தது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம் என்றோம். நேர்மை அந்த அமைப்பின் நடத்தை நெறிகளில் ஒன்று. அதை வைத்துத் தேர்விலேயே கேள்வி கேட்பார்கள்.

கட்டணம் கட்டியதும் தணிக்கைக்குத் தேர்வாகியிருப்பதாக மின்னஞ்சல் வந்தது. இது குலுக்கல் மாதிரி, யாருக்கும் வரலாம். பட்டச் சான்று, பயிற்சிச் சான்று, ஒவ்வொரு திட்டத்துக்கும் அதை அறிந்த மேலதிகாரியின் கையெழுத்து ஆகியவற்றை 90 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். பழைய மேலாளர் ஒருவர் தோஹாவில் இருந்தார். அவர் எப்போதோ வேலை மாறிப் போனவர், இப்போது கேட்டால் என்ன நினைப்பாரோ என்று நம்மவருக்குத் தயக்கம். கடைசியில் போன் செய்தபோது, "கையெழுத்துதானப்பா, அனுப்பு. ஆனா நான் படிச்சுப் பாத்துட்டுதான் போடுவேன்" என்றாராம். படித்துவிட்டு ஒரு தேதியையும் திருத்தினார். தணிக்கை சிக்கலில்லாமல் முடிந்தது. ஓராண்டுக் கெடு தொடங்கியது. அந்த ஓராண்டுக்குள் அதிகபட்சம் மூன்று முறை எழுதலாம்.

இதற்கிடையே பெயர் ஒரு சின்னத் தலைவலி. நம் ஊரில் இனிஷியல் ஒரு அட்டையில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயராக விரிந்திருக்கும். தேர்வன்று காட்டும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆவணத்தில் படமும் கையெழுத்தும் வேண்டும். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதிவைத் திருத்திக்கொண்டார்.

முதல் முறை படித்த விதம்

பதிவேடு போல ஒழுங்காகப் படித்தார். விடியற்காலை ஐந்து மணிக்கு முன் எழுந்துவிடுவார். பயிற்சி வகுப்பில் கொடுத்த பெரிய அட்டவணை பீரோவில் ஒட்டியிருந்தது. பி.எம்.ஐ. வெளியிடும் பிஎம்பாக் என்ற திட்ட மேலாண்மைக் கையேட்டின் ஆறாம் பதிப்பில் உள்ள 49 செயல்முறைகளும், ஒவ்வொன்றுக்கும் உள்ளே போவது, பயன்படும் உத்தி, வெளியே வருவது எல்லாமும் அதில் இருந்தன. அவற்றை வரிசை மாறாமல் சொல்வார்.

கணக்குகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஐந்து கோடி ரூபாய் வேலையில், செய்து முடித்த வேலையின் மதிப்பு 80 லட்சம், ஆன செலவு ஒரு கோடி என்றால் செலவுத் திறன் 0.8, இதே போக்கில் போனால் மொத்தச் செலவு ஆறேகால் கோடியில் நிற்கும். இதைப் பேனா எடுக்காமல் சொல்வார். அலுவலகத்தில் மாதாமாதம் செய்வதுதானே.

மாக் டெஸ்டில் 85 சதவீதத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தார். எதிலிருந்து எழுதுகிறார் என்று பார்த்தபோது, டெலிகிராமில் சுற்றிவந்த ஒரு பழைய பி.டி.எஃப். கேள்வித் தொகுப்பு. 2021 ஜனவரியில் தேர்வின் அமைப்பே மாறிவிட்டது. மனிதர்களை நடத்துதல் 42 சதவீதம், செயல்முறை 50 சதவீதம், வணிகச் சூழல் 8 சதவீதம் என்று பிரித்தார்கள். கேள்விகளில் ஏறத்தாழப் பாதி, வேலையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகச் செய்து காட்டி மாற்றிக்கொண்டே போகும் அஜைல் முறையை, அல்லது அதுவும் முன்கூட்டித் திட்டமிடும் முறையும் கலந்த ஹைப்ரிட் முறையைச் சேர்ந்தவை. அந்த பி.டி.எஃப். அதற்கு முந்தையது. போதாததற்கு, அதே தொகுப்பைத் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். மூன்றாம் முறை எழுதும்போது வரும் மதிப்பெண், கேள்வி ஞாபகம் இருப்பதைத்தான் காட்டும்.

இதை அப்போதே சொன்னோம். அஜைல் பகுதியைப் படிக்கவும் செய்தார். ஸ்க்ரம் (அஜைல் முறைகளில் ஒன்று), ஸ்பிரின்ட் (அதில் வரும் குறுகிய வேலைச் சுற்று), பேக்லாக் (செய்ய வேண்டியவற்றின் வரிசைப் பட்டியல்) எல்லாவற்றுக்கும் விளக்கம் சொல்வார். ஆனால் அதை அவர் ஒரு வேலைமுறையாகப் பார்த்ததே இல்லை. மண்ணுக்குள் குழாய் பதிப்பவருக்கு, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வாடிக்கையாளரிடம் காட்டி மாற்றிக்கொள்ளும் வேலை வேறு உலகமாகத்தான் இருக்கும்.

தேதி குறித்ததிலும் ஒரு கோளாறு இருந்தது. ஏப்ரல் இரண்டாம் வாரத்துக்குப் பதிவு செய்திருந்தார். அரசு ஒப்பந்த வேலையில் மார்ச் மாதம் என்னவென்று அந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். 31ஆம் தேதிக்குள் பில் போய்ச் சேர வேண்டும், எம். புக் என்ற அளவுப் பதிவேட்டை எழுதி, அளவு சரிபார்த்து, கையெழுத்து வாங்க அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். அந்த மாதம் முழுவதும் புத்தகத்தைத் தொடக்கூட முடியவில்லை.

முதல் தேர்வு, 2023 ஏப்ரல்

வீட்டிலிருந்தே ஆன்லைனில் எழுதினார். 180 கேள்வி, 230 நிமிடம். 60ஆம் கேள்விக்குப் பிறகும் 120ஆம் கேள்விக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிட இடைவேளை. இடைவேளைக்குப் போய்விட்டால் அதற்கு முந்தைய கேள்விகளுக்குத் திரும்ப முடியாது.

தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே கண்காணிப்பாளரிடமிருந்து எச்சரிக்கை வந்தது. நம்மவருக்கு வாய்க்குள் முணுமுணுத்துப் படிக்கிற பழக்கம். ஆன்லைன் தேர்வில் அதற்கு அனுமதியில்லை. வாயை மூடிக்கொண்டு படித்ததும் வேகம் குறைந்தது. நீளமான கேள்விகளை இரண்டு மூன்று முறை படித்தார். முதல் 60 கேள்விக்கு 97 நிமிடம் ஆகிவிட்டது. சராசரியாக ஒரு கேள்விக்கு 76 வினாடி சொச்சம்தான் கிடைக்கும். அந்தக் கணக்கில் 77 நிமிடத்துக்குள் முடித்திருக்க வேண்டிய பகுதி அது. பதற்றத்தில் இரண்டாவது இடைவேளையையும் விட்டுவிட்டார். அந்தப் பத்து நிமிடம் தேர்வு நேரத்தில் சேராது என்பதால் அதை விட்டதால் ஒரு லாபமும் இல்லை, களைப்புதான் மிச்சம். கடைசி இருபது கேள்வி வாக்கில் ஏதோ ஒரு விடையைத் தொட்டுவிட்டுப் போனார்.

தேறவில்லை. இந்தத் தேர்வில் மதிப்பெண் எண்ணாகத் தரமாட்டார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் நான்கு நிலைகளில் ஒன்றைச் சொல்வார்கள்: இலக்குக்கு மேல், இலக்கு, இலக்குக்குக் கீழே, மேம்பாடு தேவை. செயல்முறையில் அவருக்கு 'இலக்கு'. வணிகச் சூழலில் 'இலக்குக்குக் கீழே'. மனிதர்கள் பகுதியில் 'மேம்பாடு தேவை'.

இதுதான் அவரை உடைத்தது. நூற்றைம்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவருக்கு மனிதர்களைக் கையாளத் தெரியவில்லை என்று ஒரு தாள் சொல்கிறது. "ஆள மேய்க்கத் தெரியலன்னு அமெரிக்காக்காரன் சொல்றான் சார்" என்றார். இரண்டு வாரம் குழுப் பக்கம் வரவில்லை.

கவனித்தது

அவர் திரும்பி வந்ததும், அடுத்த முயற்சிக்கு எவ்வளவு படிக்க வேண்டும் என்ற பேச்சை ஒத்திவைத்தோம். தேர்வுத் தாள் கையில் இல்லை; எந்தக் கேள்வி தவறியது என்று யாருக்கும் தெரியாது. அதனால் பி.எம்.ஐ. தானே விற்கும் ஸ்டடி ஹால் என்ற பயிற்சித் தளத்தில், அவர் இதுவரை பார்க்காத கேள்விகளைச் சின்னச் சின்னத் தொகுப்பாகக் கொடுத்தோம். தவறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நோட்டில் ஒரு வரி எழுதச் சொன்னோம். என்ன தவறு என்று எழுத வேண்டாம். அந்த விடையைத் தொட்டபோது மனதில் என்ன ஓடியது என்று எழுத வேண்டும்.

அந்த வரிகளை நான்கு வகையாகப் பிரித்தோம். விஷயமே தெரியாதது. கேள்வியில் 'முதலில்', 'அடுத்ததாக' என்று இருந்ததைக் கவனிக்காதது. இரண்டு விடைக்கு வந்து நின்று தவறானதை எடுத்தது. நான்காவது, சைட்டில் இப்படித்தான் செய்வோம் என்று எடுத்தது.

இரண்டு வாரத்தில் நோட்டு நிரம்பியபோது, பாதிக்கு மேல் நான்காவது வகை. தெரியாமல் விட்டது மிகக் குறைவு. அறிவுக் குறை என்று நினைத்து இன்னொரு புத்தகம் வாங்கியிருந்தால் அது வீணாகியிருக்கும்.

அந்த வகையில் மூன்று கேள்விகளை இங்கே தருகிறேன். தளத்துக் கேள்விகளை அப்படியே தரக்கூடாது என்பதால், அதே சிக்கலை வைத்து நாங்கள் குழுவில் எழுதிக்கொண்டவை இவை.

ஒன்று. குழாய்த் திட்டம். அட்டவணையும் செலவும் ஒப்புதலாகிவிட்டன. வாடிக்கையாளர் தரப்பு மூத்த அதிகாரி சைட்டுக்கு வந்து, ஒரு கிளைக் குழாயை 200 மில்லிமீட்டரிலிருந்து 250 ஆக மாற்றச் சொல்கிறார். மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்? வேலையைத் தொடங்குவது, ஒப்பந்தத்தில் இல்லை என்று மறுப்பது, மாற்றத்தின் பாதிப்பை ஆராய்வது, மேலிடத்துக்குத் தெரிவிப்பது என்று நான்கு விடை. அவர் எடுத்தது முதல் விடை. "ஈ.ஈ. (செயற்பொறியாளர்) நேர்ல வந்து சொல்லும்போது முடியாதுன்னு சொல்ல முடியுமா சார்? பேப்பர் அப்புறம் வரும்" என்றார். சைட்டில் அது உண்மைதான். ஆனால் அந்த பேப்பர் வராமல் போய், கூடுதல் வேலைக்குப் பணம் வராமல் நின்ற கதைகளும் அவரிடமே நிறைய இருந்தன. பாதிப்பை ஆராய்ந்து, மாற்றக் கோரிக்கையாகக் கொண்டுபோவதுதான் விடை. மறுக்கவும் வேண்டாம், ஓடிப்போய்ச் செய்யவும் வேண்டாம். இந்தக் கேள்வியைப் பேசும்போதுதான் அவர் முதன்முறையாகத் தேர்வோடு சண்டை போடுவதை நிறுத்தினார்.

இரண்டு. ஸ்பிரின்ட் நடுவில் இரண்டு உறுப்பினர்கள் வடிவமைப்பைப் பற்றி மோதிக்கொள்கிறார்கள், தினசரிக் கூட்டம் கெடுகிறது. அவர் எடுத்த விடை, ஒருவரை வேறு குழுவுக்கு மாற்றுவது. இரண்டு ஃபோர்மேன்கள் முட்டிக்கொண்டால் ஒருவரை அடுத்த பிளாக்குக்கு அனுப்புவதுதான் அவர் வழக்கம். அங்கே அன்றைய கான்கிரீட் நிற்கக்கூடாது, அதனால் அது சரியாகவும் இருக்கலாம். தேர்வு எதிர்பார்ப்பது, இருவரையும் உட்காரவைத்து அவர்களே தீர்வுக்கு வர உதவுவது.

மூன்று. சப்ளையர் தாமதிக்கலாம் என்று முன்பே கணித்து, ரிஸ்க் பதிவேட்டில் மாற்று ஏற்பாடும் எழுதியாகிவிட்டது. இப்போது சப்ளையர் தாமதமாகும் என்கிறார். அடுத்து என்ன? அவர் மேலிடத்துக்குத் தெரிவிப்பதை எடுத்தார். ஏற்பாடு கையில் இருக்கும்போது அதைச் செயல்படுத்துவதுதான் அடுத்த வேலை. பதிவேட்டைப் புதுப்பிப்பதும் தகவல் சொல்வதும் அதோடு நடக்கும்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பழக்கம் தெரிகிறது. மேலிருந்து வந்தால் உடனே செய்வது. கீழே சிக்கல் என்றால் தானே தீர்ப்புச் சொல்வது. பெரிதாகத் தெரிந்தால் மேலே தள்ளிவிடுவது. நம் ஊர் ஒப்பந்த வேலையில் இப்படி நடக்காதவர் நிலைப்பது கஷ்டம். அவரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. தேர்வு கற்பனை செய்யும் மேலாளருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இருக்கிறது, குழுவை நம்புகிறார், ஆராயாமல் எதிலும் கைவைப்பதில்லை. அந்த மனிதராக நாலு மணி நேரம் உட்கார வேண்டும்.

எடுத்த முடிவுகள்

பீரோ அட்டவணையைக் கழற்றச் சொன்னோம். மனப்பாடம் கெடுதல் என்பதற்காக இல்லை. அது ஏற்கெனவே தலைக்குள் இருந்தது, அதற்கு மேல் நேரம் செலவிடத் தேவையில்லை. பழைய பி.டி.எஃப்.ஐ அவரே அழித்துவிட்டார். தவறுப் பதிவு நோட்டு மட்டும் தொடர்ந்தது.

அஜைலுக்கு வேறு வழி தேடினோம். கட்டுமானத்தில் லாஸ்ட் பிளானர் என்றொரு முறை உண்டு. வேலையைச் செய்யப்போகிற ஃபோர்மேன்களே உட்கார்ந்து வரும் வாரத்தில் எதை முடிப்போம் என்று வாக்குக் கொடுப்பார்கள். வாரக் கடைசியில் எத்தனை சதவீதம் முடிந்தது, முடியாததற்கு என்ன காரணம் என்று பார்ப்பார்கள். அவர் நிறுவனத்தில் ஒரு வெளிநாட்டு ஆலோசகர் காலத்தில் இதை ஆறு மாதம் செய்திருக்கிறார்கள். அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வாராந்திர வாக்கு என்பது ஸ்பிரின்ட் திட்டமிடல் போல, காரணம் அலசுவது ஸ்பிரின்ட் முடிவில் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோஸ்பெக்டிவ் கூட்டம் போல என்று பொருத்திக் காட்டியதும், மூன்று மாதமாக வெறும் சொல்லாக இருந்தவை வேலையாக மாறின. இரண்டும் ஒன்றல்ல. குழாய்த் திட்டத்தில் என்ன கட்டப்போகிறோம் என்பது முன்பே முடிவானது. அஜைலில் அதுவே நகரும், எதை முதலில் செய்வது என்பதைப் பேக்லாக் வரிசை வழியே ப்ராடக்ட் ஓனர் (என்ன தேவை என்பதற்குப் பொறுப்பானவர்) தீர்மானிப்பார். அந்த வேறுபாட்டையும் சேர்த்தே பேசினோம். பிறகு குழுவில் இருந்த மென்பொருள்காரர் ஒருவர், தன் அணியில் அந்த வாரம் நடந்த சிக்கல்களை ஞாயிறுதோறும் கதையாகச் சொல்வார். நம்மவர் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல வேண்டும். புத்தகத்தைவிட இது நன்றாக வேலை செய்தது.

தேதியை செப்டம்பருக்கு வைத்தோம். மார்ச் பில் முடிந்திருக்கும், வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்காது. இடம், தேர்வு மையம். முணுமுணுப்புக்கு அங்கும் இடமில்லை, ஆனால் எழுதி அழிக்கிற பலகை தருவார்கள், வீட்டு நெட் பற்றிய கவலை இல்லை.

நேரத்துக்கு ஒரே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். முதல் இடைவேளையில் கடிகாரத்தில் 154 நிமிடமாவது மிச்சம் இருக்க வேண்டும், இரண்டாவதில் 77. இடைவேளை இரண்டையும் எடுத்தே ஆக வேண்டும். முழு நீள மாக் டெஸ்டை ஞாயிற்றுக்கிழமை காலையில், தேர்வு நடக்கும் அதே நேரத்தில், வாய் திறக்காமல் எழுதிப் பழகினார்.

நடுவில் வந்த சறுக்கல்

ஜூலையில் மதிப்பெண் ஏறியது, பிறகு திடீரென்று இறங்கியது. நோட்டைப் பார்த்தால், 'பேசு', 'கூட்டம் போடு', 'ஆராய்' என்று இருக்கும் விடையாகப் பார்த்துத் தொட ஆரம்பித்திருந்தார். பழைய பழக்கத்தை விட்டு, புதிதாக ஒரு குறுக்குவழியைப் பிடித்துக்கொண்டார். இணையத்தில் 'பி.எம்.ஐ. மனநிலை' என்று பத்துப் பன்னிரண்டு விதிகளாகச் சுற்றுவதும் இதற்கு ஒரு காரணம். விதிகள் பயனுள்ளவைதான், ஆனால் கேள்வி எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்காமல் பொருத்தினால் கவிழ்த்துவிடும்.

குழாய்க் கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். "மேலாளர் பாதிப்பை ஆராய்ந்து முடித்தார், அடுத்து என்ன?" என்று கேட்டால் ஆராய்வது விடை ஆகாது, மாற்றக் கோரிக்கையை, மாற்றங்களுக்கு ஒப்புதல் தரும் கட்டுப்பாட்டுக் குழுவிடம் கொண்டுபோவதுதான் விடை. குழி இடிந்து விழும் நிலையில் ஆள் உள்ளே நிற்கிறார் என்றால் கூட்டம் போடக்கூடாது, வேலையை நிறுத்தி ஆளை வெளியேற்ற வேண்டும். லஞ்சம் கேட்டார்கள் என்றால் இணக்கமாகப் பேசித் தீர்க்கும் பேச்சே இல்லை.

அதனால் விடைகளைப் பார்க்கும் முன் மூன்று விஷயத்தைத் தனக்குள் சொல்லிக்கொள்ளப் பழக்கினோம்: இது முன்கூட்டித் திட்டமிட்ட வேலையா அஜைலா; எதுவரை ஏற்கெனவே நடந்துவிட்டது; உண்மையில் இது யாருடைய பிரச்சினை. ஆரம்பத்தில் இதற்கே ஒரு நிமிடம் ஆனது. ஆகஸ்ட் கடைசியில் படிக்கும்போதே தோன்ற ஆரம்பித்தது. ஸ்டடி ஹாலில் மிகக் கடினமான வகைக் கேள்விகள் சிலவற்றின் விடையை அனுபவசாலிகளே ஏற்கமாட்டார்கள். அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம், தவறினால் கடந்துபோகலாம் என்றும் முடிவெடுத்தோம். அவருக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

இரண்டாம் தேர்வும் பிறகு நடந்ததும்

செப்டம்பரில் மையத்தில் எழுதினார். முதல் இடைவேளையில் கணக்குக்குச் சில நிமிடம் பின்தங்கியிருந்தார், இரண்டாவதில் சரியாகிவிட்டது. கணக்குக் கேள்வி கைவிரல் எண்ணிக்கைகூட வரவில்லை என்றார். தேர்ச்சி. மனிதர்கள் பகுதியில் 'இலக்குக்கு மேல்', மற்ற இரண்டிலும் 'இலக்கு'.

சான்றிதழ் மூன்றாண்டுக்குத்தான். அதற்குள் 60 கற்றல் புள்ளிகள் சேர்த்துப் புதுப்பிக்க வேண்டும். குழுவில் வந்து சொல்லித்தருவதும் அதில் ஒரு பகுதியாகச் சேரும் என்பதால் மாதம் ஒரு ஞாயிறு வருகிறார்.

வளைகுடா வேலை இன்னும் அமையவில்லை. ஆனால் சைட்டில் ஒரு மாற்றம் செய்திருக்கிறார். அதிகாரிகள் வாய்மொழியாகச் சொல்லும் ஒவ்வொரு மாற்றத்தையும் அன்று மாலையே, "தாங்கள் இன்று ஆய்வின்போது தெரிவித்தபடி" என்று தொடங்கும் ஒரு கடிதமாக, செலவும் நாளும் குறிப்பிட்டு அனுப்பிவிடுகிறார். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை என்கிறார். இதற்காகவாவது அந்தப் படிப்பு மதிப்புள்ளது என்று நான் நினைக்கிறேன்.

குழுவில் மாற்றியவை

சேரும் நாளிலேயே பாஸ்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பெயரைப் பார்த்துவிடுகிறோம். தேர்வுத் தேதியை அவரவர் துறையின் நெருக்கடி மாதங்களைக் கேட்ட பிறகே குறிக்கிறோம். அரசு ஒப்பந்தக்காரருக்கு மார்ச், தணிக்கை வேலையில் இருப்பவருக்குச் செப்டம்பர், அக்டோபர். அந்த அமைப்பு தேர்வின் உள்ளடக்கத்தை அவ்வப்போது மாற்றுவதால், மேலே சொன்ன சதவீதங்களையும் நேரத்தையும் 2023க்கு உரியவையாக மட்டுமே கொள்ள வேண்டும். நடப்பு உள்ளடக்க அட்டவணையை முதல் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து படிக்கிறோம். மாக் டெஸ்ட் மதிப்பெண்ணைச் சொல்பவரிடம், அந்தக் கேள்விகளை எத்தனையாவது முறை பார்த்தீர்கள் என்று கேட்கிறோம்.

தவறுப் பதிவு நோட்டை இப்போது முதல் மாதத்திலேயே தொடங்கிவிடுகிறோம். மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து வந்த ஒருவருக்கு நான்காவது வகை கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அவருடையது பெரும்பாலும் அவசரமாகப் படித்த தவறு. அவருக்கு வேறு பயிற்சி. கட்டுமானம், உற்பத்தி, மென்பொருள் என்று வேறு வேறு துறைக்காரர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுகிறோம். ஒருவர் அஜைலைத் தன் வேலையிலிருந்து சொல்கிறார். மற்றவர் அட்டவணை, செலவு, ஒப்பந்தம் பற்றிச் சொல்கிறார். சைட்டிலிருந்து வருபவர்கள் ஞாயிற்றுக்கிழமை வேலை வந்து அடிக்கடி தவறிவிடுகிறார்கள் என்பது மட்டும் இன்னும் தீரவில்லை. புதன் இரவு ஒன்பதரைக்குப் போனில் ஒரு மணி நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.